உப்பை வரைந்த ஏழு வாரங்கள்

டிசைன் படிப்பில் நாலாவது செமஸ்டருக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். படங்களால் சொல்லும் கதை, ஏ5 அளவில் 8 பக்கம். மொத்தம் 60 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. கணினியில் வரைந்து, அச்சடித்து, பின் அடித்த புத்தகமாகக் கையில் தர வேண்டும். 7 வாரம் அவகாசம். வகுப்பில் பாதிப் பேர் ரோபோ, பேசும் பூனை, விண்வெளி என்று போனார்கள். நான் எங்கள் ஆச்சி வேலை பார்த்த உப்பளத்தை எடுத்தேன். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு எங்கள் ஊர்ப் பக்கம். லீவு நாளில் தூக்குச்சட்டியோடு ஆச்சிக்குச் சோறு கொண்டுபோன வரப்புகள் எனக்கு அத்துப்படி. தெரிந்த இடம்தானே, கஷ்டம் இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் திரை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. தரை வெள்ளை. குவித்து வைத்த உப்பு அம்பாரம் வெள்ளை. உச்சி வெயிலில் வானமும் முக்கால்வாசி வெள்ளை. திறந்து வைத்த கேன்வாஸும் வெள்ளை. எதை வரைவது?

கதை சின்னது. ஒரு சிறுமி உப்பளத்தில் இருக்கும் ஆச்சிக்குச் சோறு கொண்டுபோகிறாள். ஆச்சி உப்பு வாருகிறாள். பருவம் தப்பி மழை வருகிறது. எல்லோரும் ஓடி அம்பாரத்தை மூடுகிறார்கள், பாத்தியில் இருந்த உப்பு கரைகிறது. ராத்திரி வீட்டில் ஆச்சி கஞ்சிக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறாள். அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றி முதலில். மடிக்கணினி அப்பா பழசாக வாங்கித் தந்தது, 4 ஜிபி ராம். சீனியர் அக்கா ஒருவரிடம் பென் டேப்லெட் (பேனாவால் மேலே வரைந்தால் கணினித் திரையில் கோடு விழும் தட்டு) கடன் வாங்கினேன், 6க்கு 4 அங்குலம். மென்பொருள் கிருத்தா, இலவசம். ஸ்வீடிஷ் மொழியில் அந்தப் பெயருக்குக் கலர் சாக்குக்கட்டி என்று அர்த்தமாம், எனக்குப் பிடித்திருந்தது.

டேப்லெட்டில் வட்டம் போட்டால் முட்டை வந்தது. இரண்டு நாள் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை டேப்லெட் மேல் வைத்துச் சுற்றி வரைந்து பார்த்தேன். அப்போதும் முட்டைதான். கை மேல் தப்பில்லை. திரை 16க்கு 9 விகிதம், டேப்லெட் 3க்கு 2. டேப்லெட்டின் முழுப் பரப்பையும் திரையின் முழுப் பரப்போடு பொருத்தியிருந்ததால் எல்லாமே பக்கவாட்டில் இழுபட்டது. டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டிவைக்க ஒரு டிக் உண்டு. அதைப் போட்டதும் டேப்லெட்டின் அடியில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வீணாகப் போனது, வட்டம் வட்டமாக வந்தது. புதிதாக டேப்லெட் வாங்குபவர்கள் முதல் நாளே நாணயத்தை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

இன்னொரு தொல்லை வழுக்கல். பிளாஸ்டிக் மேல் பேனா சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏ4 தாள் ஒன்றை வெட்டி மேலே ஒட்டினேன், பென்சில் பிடித்த சுகம் வந்துவிட்டது. ஆனால் தாள் பேனா முனையைத் தின்கிறது. மூன்று வாரத்தில் முனை ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்து, கூர் வந்து, தாளைக் கிழிக்க ஆரம்பித்தது. வாரம் ஒரு தரம் முனையைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் சமமாகத் தேயும். எனக்கு எழுத்து அழுத்தி எழுதும் கை. பள்ளியில் பின் பக்கமெல்லாம் புடைத்து நிற்கும் நோட்டு என்னுடையது. அதனால் எல்லாக் கோடும் தடியாக வந்தது. எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று சொல்லும் வளைகோடு ஒன்று அமைப்பில் உண்டு, அதை நடுவில் கீழே தொங்கும்படி இழுத்துவிட்டேன். அதன் பிறகு பாதி அழுத்தத்துக்கும் மெல்லிய கோடு கிடைத்தது.

கேன்வாஸ் அளவில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 'அச்சுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்று 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்தேன். ஏ5 என்பது 148க்கு 210 மில்லிமீட்டர். அச்சடித்த பின் ஓரத்தை வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டால் 154க்கு 216. 600 டிபிஐயில் அது 3638க்கு 5102 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு முழு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலம்) 74 எம்பி. என்னிடம் 20 லேயர் இருந்தது. கோடு போட்டு, பேனாவைத் தூக்கி, ஒரு வாய் டீ குடித்த பிறகு கோடு திரையில் வந்தது. 300 டிபிஐக்கு இறக்கினேன், லேயர் ஒன்றுக்கு 18 எம்பி சொச்சம். கறுப்பு மையில் மட்டும் வரையும் நுணுக்கமான கோட்டுப் படத்துக்கு 600 கேட்பார்கள். வண்ணத்துக்கு 300 தாராளம். அச்சில் பார்த்தபோது யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வாரம் முழுக்கக் கணினியைத் தொடவில்லை. மெஸ் பில்லின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள். 8 பக்கத்தையும் ஒரே தாளில் பார்க்க வேண்டும், அதற்கு இதை விட்டால் வேறு வழியில்லை. பெரிதாக வரைந்தால் உடனே கண்ணும் மூக்கும் வரையத் தோன்றும். தீப்பெட்டி அளவில் மூக்குக்கு இடமே கிடையாது, யார் எங்கே நிற்கிறார், எங்கே கறுப்பு, எங்கே காலி என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் வரைவில் 31 கட்டங்கள். அதில் 7 கட்டங்களில் சிறுமி நடந்துகொண்டே இருக்கிறாள். வீட்டு வாசலில் நடக்கிறாள், தெருவில் நடக்கிறாள், வரப்பில் நடக்கிறாள். பாடம் எடுக்கும் மேடம் பேனாவால் ஐந்தை அடித்துவிட்டார். "வாசல் ஒண்ணு, வரப்பு ஒண்ணு. நடுவுல அவ நடந்ததை படிக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்றார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விடும் வெள்ளைச் சந்துக்கு கட்டர் என்று பெயர். படிப்பவர் மனசு ஓடுவது அந்தச் சந்தில்தான் என்று வகுப்பில் சொன்னபோது குறிப்பு எடுத்துக்கொண்டேன், புரிந்தது ஐந்து கட்டத்தை அடித்த பிறகு. மேடம் ஓவியர் கோபுலுவின் படங்களைப் பார்க்கச் சொன்னார். கோபுலு (1924–2015) ஆனந்த விகடனில் வரைந்த வசனமில்லாத நகைச்சுவைப் படங்களை நூலகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தேன். ஆள் முகத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் முதுகும் இடுப்பும் கோபமா, அசட்டுத்தனமா என்று சொல்லிவிடுகின்றன. என் ஆச்சியின் முகத்தை மறைத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது புடவை சுற்றிய தூண்.

மழை வருவதை எப்படிக் காட்டுவது என்பதில் மூன்று நாள் போனது. முதலில் மேகம், மின்னல், சாய்கோடுகள் என்று எல்லோரும் வரையும் மழை. கடைசியில் வைத்தது மூன்று சின்னக் கட்டம்: உப்பு வாரும் பலகையின் கைப்பிடியில் ஆச்சியின் கை, அசையாமல். வரப்பின் காய்ந்த மண்ணில் ஒரே ஒரு கரும்புள்ளி. வரிசையாக நாலு தலைகள் மேலே பார்க்கின்றன. பக்கத்தைப் புரட்டினால் மழை. புரட்டுவது என்பதையும் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒற்றைப்படைப் பக்கம் வலது கை, இரட்டைப்படை இடது கை. ஆகவே எதிர்பார்க்க வைக்கும் கட்டம் 3ஆம் பக்கத்தின் அடியில், மழை 4ஆம் பக்கத்தில். 4, 5 இரண்டும் நடுத்தாள். ஒரே தாளில் சேர்ந்து அச்சாவதால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பெரிய படமாக வைக்கலாம், நடுவில் பொருந்தாமல் போகாது. 2–3க்கும் 6–7க்கும் அந்த வசதி இல்லை.

கட்டங்களை அறைத்தோழியிடம் காட்டினேன். 3ஆம் பக்கத்தில் நிறுத்தி, "சோறு குடுக்காமலே வீட்டுக்குத் திரும்பிட்டாளா?" என்றாள். பார்த்தால், 2ஆம் பக்கத்தில் சிறுமி இடமிருந்து வலமாகப் போகிறாள், 3ஆம் பக்கத்தில் வலமிருந்து இடமாக. நமக்குத் தமிழ் படித்த கண், இடமிருந்து வலம் என்றால் போவது, எதிர்ப்பக்கம் என்றால் வருவது. சரி, கணினியில்தானே இருக்கிறது, கட்டத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டால் போச்சு என்று ஒரு நொடியில் திருப்பினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் மண்டையில் மணி அடித்தது. ஆச்சியின் மூக்குத்தி மறுபக்கம் போயிருக்கும். எழுந்து பார்த்தேன், போயிருந்தது. முந்தானை வலது தோளுக்கு வந்திருந்தது. புடவைக்கு மேலே போட்டிருந்த தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையில் பையும் வலது பக்கம். திருப்பிய ஒரு நொடிக்கு, திருத்த மூன்று மணி நேரம்.

இனி வெள்ளைக்கு வருகிறேன். மூன்றாவது, நாலாவது வாரம் முழுக்க இதில்தான் போனது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். உப்பு வெள்ளை, ஆகவே வெள்ளை பூசினேன். பளபளப்பு வரவில்லை என்று அங்கங்கே இன்னும் வெள்ளைப் புள்ளிகள் வைத்தேன். வானத்துக்கு வெளிர் நீலம். ஆட்கள் மட்டும் அடர்த்தியாக, தாளில் குத்திய ஓட்டை மாதிரித் தெரிந்தார்கள். வெயில் எங்கேயும் இல்லை. பனி பெய்யும் ஊர் என்றாலும் நம்பிவிடலாம்.

மேடம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, எல்லா லேயருக்கும் மேலே ஒரு சாம்பல் லேயர் போட்டு அதன் கலப்பு முறையை 'கலர்' என்று வைப்பது. கீழே இருக்கும் நிறம் எல்லாம் வடிந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். கண்ணைத் திறந்து மூடுவதுபோல் அந்த லேயரைப் போட்டு எடுத்துக்கொண்டே வரையலாம். வைத்துப் பார்த்தேன். என் வானமும் என் உப்பும் ஒரே சாம்பல். நிறத்தில் வேறு வேறு, வெளிச்சத்தில் ஒன்று. அதனால்தான் எல்லாம் ஒட்டிக்கொண்டு தட்டையாகக் கிடந்தது.

இரண்டாவது வழிக்குக் கணினி தேவையில்லை. ஒரு சாம்பல் அட்டையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை. அந்த வார இறுதியில் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாண வீட்டிலிருந்து மதியம் நழுவி, பைபாஸ் பக்கம் உள்ள உப்பளத்தின் ஓரமாக வெயிலில் நின்று, அட்டையைக் கையை நீட்டிப் பிடித்து ஒரு ஓட்டை வழியாக உப்பையும் இன்னொன்று வழியாக வானத்தையும் பார்த்தேன். சுற்றியுள்ளது மறைந்து இரண்டு வட்டங்கள் மட்டும் அருகருகே நின்றன. வானம் உப்பை விட இருட்டு! நன்றாகவே இருட்டு. இத்தனை வருஷம் வானம்தான் வெளிச்சம், தரை அதற்கு அப்புறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டுப் பாவாடையும் அட்டையுமாக ரோட்டோரம் நின்ற என்னை லாரி டிரைவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அங்கே நின்றதில் இன்னும் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. பாத்தியில் நின்ற தண்ணீர் நீலமாக இல்லை, ரோஸ் கலரில் இருந்தது. உப்பு ஏற ஏற, அந்தக் கடுப்பிலும் வாழ்கிற நுண்ணுயிர்களும் பாசியும் பெருகி அந்த நிறம் வருகிறது. சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருப்பேன், வரைய உட்கார்ந்தபோது கை நீலத்தைத்தான் எடுத்தது. அடுத்தது நிழல். வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா தலையில் துண்டைக் கட்டி முகத்தையும் பாதி மறைத்திருந்தார். துண்டின் நிழலில் முகம் இருட்டாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. தாடைக்கு அடியில், மூக்கின் அடியில், புருவத்துக்குக் கீழே எல்லாம் வெளிச்சம். உப்புத் தரை வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மேலேயிருந்து ஒரு சூரியன், கீழேயிருந்து ஒன்று. துண்டை முகத்தின் குறுக்கே கட்டுவது ஏன் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

ஹாஸ்டலுக்குத் திரும்பி எல்லா வெள்ளையையும் அழித்தேன். வானத்தை நடுத்தரச் சாம்பல் நீலத்துக்கு இறக்கினேன், பார்க்கப் புயல் வருவதுபோல் பயமாக இருந்தது. வரப்பை இன்னும் கீழே. பாத்தித் தண்ணீர் மங்கிய ரோஸ். உப்புத் தரையில் எதுவும் பூசவில்லை, காலடித் தடங்களின் நிழல் மட்டும். முகங்களில் மேல்பக்கத்தை இருட்டாக்கி, தாடைக்கு அடியில் கொஞ்சம் வெளிச்சம் விட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தபோது கண் கூசியது. உண்மையாகவே கூசியதா, சந்தோஷத்தில் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

ஆச்சி உப்பு வாரும் கட்டங்களுக்கு மாடல் வேண்டும். ஆச்சி முழங்கால் வலியில் வேலையை விட்டுச் சில வருஷமாகிறது, அவளிடம் பட்டன் போன்தான், வீடியோ காலும் இல்லை. கல்யாண வீட்டில் கேட்டிருக்கலாம், பந்திக் கலாட்டாவில் மறந்துபோனது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் தரை துடைக்கும் மாப் கட்டையைப் பிடித்துக்கொண்டு நானே நின்றேன், அறைத்தோழி பத்துப் பன்னிரண்டு போட்டோ எடுத்தாள். அதைப் பக்கத்தில் வைத்து வரைந்தேன். நன்றாக வந்ததாகத்தான் பட்டது.

எழுத்து வைக்கும் வேலை தனி அத்தியாயம். லேபில் இருந்த ஒரு மென்பொருளில் 'கொண்டா' என்று ஒட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எழுத்து எஞ்சினை உலக மொழிகளுக்கானதாக மாற்ற அமைப்பில் ஒரு இடம் இருக்கிறது. மாற்றி, மூடித் திறந்தால் சரியாகிவிடும். லேப் கணினியில் தினமும் அது பழையபடி போய்விடுவதால், நான் இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அங்கே தமிழ் முதலிலிருந்தே ஒழுங்காக உட்கார்ந்தது.

எழுத்து உட்கார்ந்த பிறகு வசனம் வைக்கும் பலூன் போதவில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் மாமாவிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்து வரைந்த பலூனுக்குள் அவ்வளவு தமிழை எப்படி அடக்கினார்கள் என்று இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. நம் சொற்கள் நீளம். 'வந்துக்கிட்டிருக்கேன்' ஒரே சொல், நடுவில் வெட்டவும் முடியாது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் கூட வேண்டும். ஆங்கிலத்துக்கு 120 சதவீதம் போதும் என்றால் நான் 145 வைத்த பிறகுதான் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'டி'யை முட்டாமல் நின்றது. ஆங்கிலக் காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டு ஒரு செங்கல் சுவர் மாதிரி சீராக்கிவிடுவார்கள், நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பலூனை முதலில் வரைந்து எழுத்தைத் திணிப்பதை விட்டுவிட்டு, எழுத்தை வைத்து அதைச் சுற்றிப் பலூன் வரைந்தேன். கவிவாணர் என்ற சாய்வான எழுத்துருவை முயன்றேன், அழகு, ஆனால் ஆச்சி பேசுவதற்குக் கொஞ்சம் நாகரிகமாக இருந்தது. வசனமே மொத்தம் 41 சொல். கையாலேயே எழுதிவிட்டேன்.

ஒலிச் சொற்கள் மட்டும் கொண்டாட்டம். தமிழில் இரட்டைக்கிளவிக்கா பஞ்சம். உப்பு மேல் கால் வைத்தால் 'நறநற', தார்ப்பாயில் மழை 'சடசட'. பலகை இழுக்கும் சத்தம்தான் அகப்படவில்லை. 'சர்ர்' என்றால் பாம்பு, 'கரகர' என்றால் தொண்டை. 'சரக்... சரக்...' என்று எழுதி, இரண்டாவது 'சரக்'கைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

ஆறாவது வாரம் 5ஆம் பக்கத்தைச் சேமிக்கும்போது கரண்ட் போனது. என் மடிக்கணினியின் பேட்டரி பேருக்குத்தான். கரண்ட் வந்து திறந்தால் கோப்பு திறக்கவில்லை. அழுகை வரும் நேரத்தில் டேப்லெட் தந்த சீனியர் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது: கிருத்தா ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய கோப்பை, பெயரின் கடைசியில் ஒரு அலைக்குறி போட்டு, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். அலைக்குறியை நீக்கிப் பெயர் மாற்றித் திறந்தேன். 40 நிமிட வேலை மட்டும் போயிருந்தது. அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே லேயர்கள் தனித்தனியாகவும், முழுப் படம் ஒரு பிஎன்ஜியாகவும் இருக்கின்றன. படம் மட்டும் போதும் என்ற அவசரத்துக்கு இது உதவும். அன்றிலிருந்து ராத்திரி படுக்குமுன் பென்டிரைவில் ஒரு காப்பி.

அச்சுக்கு, கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடை. 8 பக்கம் என்றால் இரண்டு ஏ4 தாள்: முதல் தாளில் 8ம் 1ம், பின்னால் 2ம் 7ம். இரண்டாவதில் 6ம் 3ம், பின்னால் 4ம் 5ம். முதல் பிரதியில் பின்பக்கமெல்லாம் தலைகீழ். தாள் படுக்கை வசத்தில் இருப்பதால் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும், கடைக்காரத் தம்பி வழக்கம்போல நீள விளிம்பில் விட்டுவிட்டான். சொல்லாதது என் தப்பு. அப்புறம் நிறம். திரையில் மினுங்கிய ரோஸ், தாளில் செத்துப்போனது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். திரையில் வரும் சில நிறங்கள் மைக்கு எட்டவே எட்டாது. மடிக்கணினியின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்துவைத்து வண்ணத்தைத் திருத்திய பிறகு ஓரளவு ஒத்துப்போனது.

ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. என் உப்பெல்லாம் வெறும் தாள். அப்படியென்றால் உப்பின் நிறத்தைத் தீர்மானிப்பது நான் வாங்கும் தாள்தான். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் லேசாக மஞ்சள் பாய்ந்த கனமான தாளில் அடித்தார்கள், பார்க்கப் புத்தகக் கடைப் புத்தகம் மாதிரி இருந்தது. அதில் என் உப்பு அரிசி மாவாகிவிட்டது. சாதாரண ஜெராக்ஸ் தாளின் நீலம் கலந்த வெள்ளைதான் சரியாக வந்தது. தாளின் கனம் 75 ஜிஎஸ்எம்மாக இருந்தபோது பின்பக்கம் ஊடுருவித் தெரிந்ததால், அதே வெள்ளையில் 100 ஜிஎஸ்எம். பிரின்டரால் தாளின் விளிம்பு வரை அடிக்க முடியாது, சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெள்ளை விட்டுவிடும். நான் வெட்டுக்காக விட்ட 3 மில்லிமீட்டர் வீண். மற்றவர்கள் அந்த வெள்ளை ஓரத்தை வெட்டி எறிந்தார்கள். நான் உப்பு வரும் கட்டங்களின் பார்டரை அழித்துவிட்டேன். உப்பளம் தாளின் விளிம்பு வரைக்கும் தானாகவே ஓடியது.

தைக்க நீளக் கை ஸ்டேப்ளர் இல்லை. சாதாரண ஸ்டேப்ளரைப் பிரித்து, புத்தகத்தை விரித்து அடியில் தெர்மாகோல் வைத்து, முதுகில் அழுத்தி, பின் கால்களைக் கரண்டிக் காம்பால் மடக்கினேன். 20 பிரதி. கடைசிப் பிரதிக்குள் விரலில் இரண்டு குத்து.

மார்க் வந்தது, நன்றாகவே வந்தது. மே மாத லீவில் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, புத்தகத்தை முதலில் பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். மூக்குத்தியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், "தாத்தா சட்டைல்லா" என்றாள். நடுப்பக்கத்தில் தார்ப்பாயைப் பார்த்து, "எங்க காலத்துல ஏது இது, ஓலைதான்" என்றாள். 2ஆம் பக்கத்துக்குத் திரும்பி வந்து விரலை வைத்தாள்.

"ஏட்டி, இவ என்ன செய்தா?"

"உப்பு வாருதா ஆச்சி. நீதான் அது."

"உப்பா வாருதா? வீட்டத் தொடைக்கிறவ மாதிரில்லா நிக்கா."

மேடம் கண்டுபிடிக்கவில்லை, வகுப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் மாப் கட்டை விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, சுவரைப் பிடித்து எழுந்து, மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துவரச் சொன்னாள். பிடித்து நின்றாள். என் படத்தில் முழங்கை மடங்கியிருந்தது, முதுகு முன்னால் வளைந்திருந்தது. அவள் கை இரண்டும் நேராக நீண்டிருந்தன, உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது, பின்னங்கால் ஊன்றி முழங்கால் லேசாக மடங்கியிருந்தது.

"தண்ணியோட கெடக்க உப்பு கனம். கைய மடக்குனா அன்னைக்கே தோள் போயிரும். இப்படிச் சாஞ்சு, பின்னால நடந்துக்கிட்டே வரணும்" என்று ஒட்டடைக் கம்பை இழுத்தபடி திண்ணையிலிருந்து அடுப்படி வரைக்கும் பின்னாலேயே நடந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ. போனில் எடுத்துக்கொண்டேன், 22 வினாடி.

இன்னும் 11 பிரதி அச்சடித்தபடி மிச்சம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. 2ஆம் பக்கத்தின் மூன்றாவது கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், வீடியோவை 9ஆவது வினாடியில் நிறுத்தி. முதுகுக் கோடு ஒன்றை மட்டும் போட்டாயிற்று.